ரஞ்சன்குடிக் கோட்டையும் நாற்பதைத் தாண்டிய கண்ணும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸிலோ காரிலோ போயிருக்கிற சகோதரிகள் அநேகமாக எல்லோருமே ரஞ்சன்குடியைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, இறங்கியிருக்க மாட்டீர்கள்! பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் ஒரு சிறு குன்று. அதன்மேல் கல்கோட்டை. "அதோ பார், கோட்டை!" என்று குழந்தைக்குக் கைகாட்டி முடிப்பதற்குள் வண்டி தாண்டிப் போய்விடும்.

அந்தக் கோட்டையில் ஒரு காலைப் பொழுது முழுவதும் செலவழிக்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிடைத்தது. கூட வந்தவள் என் நாத்தனார் மகள். அவளிடம் புத்தம் புதிய டிஜிட்டல் காமிரா. என்னிடம் இருந்ததோ 1980-களின் நிக்கான் எஃப்.எம்.2 பிலிம் காமிராவும் அதன் 50 மில்லிமீட்டர் லென்ஸும். அதில் எதுவும் தானாக நடக்காது. தூரத்தைக் கணித்துக் கையால் வளையத்தைத் திருப்பினால்தான் படம் துலங்கும்.

"அத்தை, கண்ணாடி இல்லாம உங்களுக்குப் பஸ் டிக்கெட்டே தெரியலை. இதுல எப்படி ஃபோகஸ் பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். நியாயமான கேள்விதான். நாற்பதைத் தாண்டிய நம்மில் பலர் இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொண்டு, எம்பிராய்டரி, வீணை நோட்டு, கதைப் புத்தகம், கோலப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஆகவே இந்தப் பயணக் கட்டுரையில் கோட்டையைப் பற்றி எவ்வளவு உண்டோ அவ்வளவு கண்ணைப் பற்றியும் உண்டு.

மூன்று அடுக்குக் கோட்டை

முதலில் கோட்டை. நீள்வட்டமாக அமைந்த மதில். இடையிடையே அரைவட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கொத்தளங்கள். சுற்றிலும் அகழி. செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய மூன்று அரண்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக. கீழ்க்கோட்டையைக் கடந்து, நடுவில் ஏறி, கடைசியில் உச்சிக்குப் போக வேண்டும். ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். உள்ளே குடியிருப்புக் கட்டடங்கள், நிலவறைகள், கொடிமர மேடை எல்லாம் உண்டு. இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

சரித்திரத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரு பெரிய வருஷம் உண்டு: 1751. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டி போட்டார்கள். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. இரு தரப்புப் படைகளும் பக்கத்திலுள்ள வாலிகண்டபுரம் வட்டாரத்தில் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையில் ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் பங்கு உண்டு. திருச்சிக்குப் போகும் பாதையில் இருப்பதால், இதைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பாதையும் கையில் இருந்தது.

கோட்டை கட்டியவர்கள் முக்கியமாக யோசித்தது பார்வையைப் பற்றித்தான் என்று எனக்குப் பட்டது. அகழிக் கரையில் ஒரு பார்வை, கொத்தளத்திலிருந்து ஒரு பார்வை, உச்சியிலிருந்து ஒரு பார்வை. கிட்டப் பார்வை, நடுப் பார்வை, தூரப் பார்வை மூன்றும் ஒரே இடத்தில்! கையால் ஃபோகஸ் செய்து பழக இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இருக்க முடியாது.

கண்ணுக்குள் இருக்கும் வளையம்

கீழ் மதிலில் ஒரு கல்லின்மேல் பூத்திருந்த சாம்பல் நிறப் பாசியைப் படம் எடுக்க நின்றோம். முகத்தை அருகில் கொண்டுபோனேன், மங்கல். கையெட்டும் தூரத்துக்கு விலகினேன், தெளிவு. அவளோ மூக்கு கல்லில் உரசும் தூரத்தில் பார்த்துச் சிரித்தாள்.

காரணம் இதுதான். நம் கண்ணுக்குள்ளும் ஒரு லென்ஸ் இருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது தட்டையாகும். கிட்டத்தில் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும். சிறு வயதில் அது மிருதுவானது. பத்து வயதுக் குழந்தை 7, 8 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தும் எழுத்தைப் படிக்கும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் இறுகிக்கொண்டே போகும். நாற்பது வயதில் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த தூரம் சுமார் 25 சென்டிமீட்டர். ஐம்பதுகளில் அரை மீட்டர். அறுபதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கை நீளம் போதாமல் போகிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அது இதுதான். வெள்ளெழுத்து என்று நம் பாட்டிமார்கள் பெயர் வைத்தார்கள்.

இது வியாதி அல்ல, நரை மாதிரி. யாருக்கும் வராமல் இருக்காது. கண்ணின் வளையம் துருப்பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்! பழைய லென்ஸில் அந்த வளையம் வெளியே, நம் விரலுக்கடியில் இருக்கிறது. கண் செய்ய மறுப்பதைக் கை செய்கிறது.

எந்தக் கண்ணாடியோடு பார்ப்பது?

இதில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. காமிராவின் ஜன்னல் கண்ணுக்கு ஒட்டி இருப்பதால் படிக்கிற கண்ணாடி போட வேண்டும் என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. உள்ளே தெரியும் படம் சாதாரணமாக ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல்தான் கண்ணுக்குத் தோன்றும்படி அமைத்திருக்கிறார்கள். படிக்கிற கண்ணாடியோ 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால் நிச்சயம் மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் அதோடு பார்க்கலாம். இரண்டும் சேர்ந்த கண்ணாடி என்றால் கீழ்ப்பாகத்தால் பார்க்காமல் மேல்பாகத்தால் பாருங்கள்.

இந்தக் காலத்துக் காமிராக்கள் பலவற்றில் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகி இருக்கும். அது நம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள. காமிராவை வெறும் வானத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே தெரியும் எண்களும் கோடுகளும் துலக்கமாகும்வரை அதைத் திருகுங்கள். வெளியே தெரியும் காட்சியைப் பார்த்துத் திருகக் கூடாது. எண்களைப் பார்த்துத்தான் திருக வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும். ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இந்தத் திருகி உதவாது. கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

ஆடு மேய்க்க வந்த பெரியம்மா

அகழிப் பக்கம் நாலைந்து ஆடுகளோடு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, அந்தப் பொட்டிக்குள்ள என்னா தெரியுது?" என்று கேட்டார். "நீங்களே பாருங்க பெரியம்மா" என்று காமிராவைக் கொடுத்தேன்.

இந்த எஃப்.எம்.2, யாஷிகா எஃப்.எக்ஸ்.3 போன்ற காமிராக்களில் ஜன்னலுக்கு நடுவே ஒரு சின்ன வட்டம் உண்டு. அது குறுக்கே பிளந்திருக்கும். ஃபோகஸ் சரியில்லாவிட்டால் மேல்பாதிப் படம் ஒரு பக்கம், கீழ்பாதி இன்னொரு பக்கம் விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒரே கோடாகச் சேரும். அப்போது ஃபோகஸ் சரி. வயதான கண்ணுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஏனென்றால், ஒரு படம் கூர்மையா மங்கலா என்று தீர்மானிப்பதைவிட, இரண்டு கோடுகள் நேராகச் சேர்கின்றனவா என்று கண்டுபிடிப்பது கண்ணுக்குச் சுலபம். பார்வை கொஞ்சம் மங்கினாலும் அந்தத் திறமை அவ்வளவாக மங்குவதில்லை. ரவிக்கைத் துணியின் கோடுகளைச் சேர்த்துத் தைக்கிறோமே, அதே வித்தை!

கொத்தளத்தின் ஓரத்தை அவருக்குக் காட்டி, "ரெண்டு துண்டா தெரியுதா? இந்த வளையத்தைத் திருப்பி ஒண்ணா சேருங்க" என்றேன். திருப்பினார். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "சேந்துருச்சு! கல்லு கல்லா தெரியுதும்மா. அப்ப எங் கண்ணு போவலியா?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "யாரு சொன்னது கண்ணு போச்சுன்னு?"

"யாரு சொல்லணும்? போன்ல நம்பரு தெரியல. மவன் நம்பர போட யாராச்சும் வருவாங்களான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன். மாத்திரை அட்டையில என்னா எழுதிருக்குன்னு தெரியல. வயசாச்சு, கண்ணு போச்சுன்னு விட்டுட்டேன்."

என் படிக்கிற கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். நாத்தனார் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். "இத நீங்களே வச்சுக்கங்க பெரியம்மா" என்றாள் பிறகு. அவரோ கழற்றித் துடைத்து என்னிடமே நீட்டினார். "இது அம்மா கண்ணுக்கு எழுதினது பாப்பா. எனக்கு எங் கண்ணுக்கு எழுதித் தரச் சொல்லுங்க."

எவ்வளவு சரியான வார்த்தை! பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகச் சொல்லி, மகனுக்கே போன் போட்டு விவரம் சொல்லிவிட்டு மேலே ஏறினோம்.

சகோதரிகளே, இந்தப் பெரியம்மா ஒருவர் மட்டும் அல்ல. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காமல் உலகத்தில் 80 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 751 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் அளவு மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. ஒரு சாதாரணக் கண்ணாடி! நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவதும், மருந்துச் சீட்டைப் படிப்பதும், குழந்தையின் டானிக்கை அளந்து ஊற்றுவதும் தேயிலை பறிப்பதைவிடக் குறைந்த வேலையா என்ன?

நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியவர்

நடு அரணில் ஒரு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளின் கதையை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பல பிள்ளைகளுக்குத் தாய். 1863-இல், 48-ஆவது வயதில், மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுத்த காலம். ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய நிபுணர்கள் அவரைக் கேலி செய்தார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வளையத்தை நிறுத்துவதே அவர் வழக்கம். இன்றைக்கு உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் படங்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-இல் அங்கேயே காலமானார்.

"அப்போ நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு சொல்லுங்க அத்தை!" என்று சிரித்தாள்.

ஃபோகஸே தேவையில்லாத ஒரு வழி

உச்சிக்குப் போகிற வழியில், கண்ணை நம்பாமலே படம் எடுக்கும் பழைய முறையை அவளுக்குக் காட்டினேன். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணில் வையுங்கள். தூர வளையத்தைச் சுமார் ஐந்தரை மீட்டரில் நிறுத்துங்கள். பிலிம் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அப்போது 3 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாமே தெளிவாக விழும். பிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் 125-இல் இருந்தால் போதும். அவ்வளவுதான், எடுத்துக்கொண்டே போகலாம்! குழந்தைகள் மதிலோரம் ஓடி விளையாடும்போது ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

பிறகு ஒரு இணைப்பு வளையத்தின் உதவியால் என் பழைய லென்ஸையே அவளுடைய டிஜிட்டல் காமிராவில் மாட்டினோம். அதில் பிளவு வட்டம் கிடையாது. ஆனால் வேறு இரண்டு வசதிகள் உண்டு. ஃபோகஸ் ஆன இடத்தின் ஓரங்களில் சிவப்பு வர்ணக் கோடு மினுக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் படத்தின் ஒரு பகுதி பல மடங்கு பெரிதாகத் தெரியும். உச்சியிலிருந்து கீழே அகழிப் பக்கம் பார்த்து வளையத்தைத் திருப்பினேன். பெரியம்மாவும் ஆடுகளும் சிவப்புக் கோட்டில் மினுக்கினார்கள். இன்னும் திருப்பினேன், நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள். இன்னும் கொஞ்சம், வயல்கள், தூரத்துக் குன்றுகள். மூன்று பார்வைக்கும் மூன்று திருப்பு!

பழைய லென்ஸ் வீட்டில் இருந்தால் பீரோவில் துணிக்கடியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கண்ணை எப்போது காட்ட வேண்டும்?

மங்கல் எல்லாமே வெள்ளெழுத்து ஆகிவிடாது. அதனால்தான் பிளாட்பாரத்தில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளக் கூடாது என்கிறேன். நாற்பது வயதானதும் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் பார்வையைத் திருடும்; போனது திரும்பாது. சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் தவறாமல் விழித்திரையைக் காட்ட வேண்டும். அடிக்கடி கண்ணாடியின் பவர் மாறினாலும் காட்டுங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, கண் சிவந்து தலைவலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கண்புரை என்றாலும் பயம் வேண்டாம். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992 முதல் ஆரோலேப் மூலம் அந்த லென்ஸை இங்கேயே தயாரித்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. சாதாரணமாக வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும். அந்தக் கால கிளிக் காமிரா மாதிரி! அநேகமாகத் தூரத்துக்கு வைப்பார்கள்; படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். ஆபரேஷனுக்கு முன்பே, "நான் தைப்பேன், படிப்பேன், படம் எடுப்பேன்" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கேற்ப அவர் யோசித்துச் சொல்வார்.

நீங்களும் போகலாம்

பெரம்பலூரிலிருந்து பஸ் வசதி உண்டு. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். அந்த நேரத்தில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் கற்களின் வரிகள் நன்றாக எழும்பும். உங்களுக்கும் தலை காயாது. மேலே நிழல் குறைவு. தண்ணீர், தொப்பி அல்லது குடை, பிடிப்பான செருப்பு அவசியம். குழந்தைகளை மதிலோரத்திலும் நிலவறைப் பக்கமும் கையைப் பிடித்தே அழைத்துப் போங்கள். ஸ்டாண்டு வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டாலே காமிரா ஆடாது. வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயிலையும் சேர்த்துப் பார்க்கலாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் தரிசிக்க ஆசைப்பட்டால் திங்கள் அல்லது வெள்ளியில் புறப்படுங்கள். அந்தக் கோயில் நடை வழக்கமாக அந்த இரண்டு நாட்களில்தான் திறந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் மகளின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. "பாப்பா, நாந்தான் ரஞ்சன்குடியிலேர்ந்து பேசுறேன். உங்க நம்பர நானே பாத்துப் போட்டேன்" என்றது குரல்.